ஆளுக்கொரு பங்கு

ஒரு நிலத்தை மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பிரச்னை. கேட்கும்போது அஞ்சாங்கிளாஸ் கணக்கு மாதிரி இருக்கிறதல்லவா? உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் பேனாவை வைத்துவிட்டு வக்கீலைத் தேடுவீர்கள்.

திருவொற்றியூருக்கு மேற்கே, பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக ஒரு மனை என்று வைத்துக்கொள்வோம். தெருப்பக்கம் 40 அடி. கால்வாய்ப்பக்கம் அகன்று 80 அடி. ஆழம் 90 அடி. ஆக மொத்தம் 5,400 சதுர அடி. நம் பாஷையில் இரண்டேகால் கிரவுண்டு. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா, அண்ணன், தம்பி என்று மூன்று வாரிசுகள். பரம்பரைச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். நாடு முழுமைக்கும் 2005ல் வந்தது. எனவே அக்காவைச் சேலையும் சீரும் கொடுத்து அனுப்பிவிடலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஆளுக்கு 1,800 சதுர அடி.

இதைச் செய்து கொடுக்க இன்றைக்கு சாஃப்ட்வேர் இருக்கிறது. ஜி.ஐ.எஸ். என்று சொல்வார்கள். நிலத்தின் மூலைகளைச் சொன்னால் போதும். எத்தனை கோணல் மாணலாக இருந்தாலும் பரப்பளவைச் சொல்லிவிடும். உள்ளே நடப்பது பெரிய மந்திரமெல்லாம் இல்லை. அடுத்தடுத்த மூலைகளின் எண்களைக் குறுக்குவாட்டில் பெருக்கி, கழித்து, கூட்டி, பாதியாக்குகிற ஒரு சூத்திரம். ஷூவுக்கு லேஸ் கட்டுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் போவதால் ஷூ லேஸ் சூத்திரம் என்றே பேர். மைஸ்டர் என்கிற ஜெர்மானியர் 1769ல் எழுதிவைத்தது.

அளந்தாயிற்று. பிரிப்பது எப்படி? அதுவும் மளிகைக்கடை வித்தைதான். ஒரு கோட்டைக் குத்துமதிப்பாகப் போடும். இந்தப் பக்கம் எவ்வளவு? 2,100. அதிகம். கோட்டைக் கொஞ்சம் இழு. இப்போது? 1,650. குறைவு. இரண்டுக்கும் நடுவே வை. தராசில் கத்திரிக்காயை எடுத்து எடுத்துப் போடுகிற மாதிரி, கண் இமைப்பதற்குள் நூறு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, 1,800 வந்ததும் நிற்கும்.

நம் மனைக்குப் போட்டுப் பார்த்தால் இப்படி வருகிறது. தெருவுக்கு இணையாக வெட்டினால் முதல் பங்கின் ஆழம் 37.28 அடி. இரண்டாவது 28.60. மூன்றாவது 24.12. பின்னால் போகப் போக நிலம் அகலமாகிறது, அதனால் ஆழம் குறைகிறது. மூன்றும் அச்சாக 1,800.

பிரமாதம். யாருக்கு எது?

முன்பங்கு கிடைத்தவருக்குத் தெருவும் கடை வைக்க வாசலும் உண்டு. நடுப்பங்குக்காரருக்கு வழியே இல்லை. பின்பங்குக்காரருக்கு வழியும் இல்லை. மழைக்காலத்தில் கால்வாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வரும், கொசு வருஷம் முழுக்க வரும். சரி, தெருவிலிருந்து கால்வாய்வரை நீளவாக்கில் மூன்றாகக் கிழிக்கலாம் என்றால், ஆளுக்கு வாசலில் பதிமூன்றடி நாலு அங்குலம். எல்லோருக்கும் தெரு உண்டு, எல்லோருக்கும் கால்வாய் உண்டு. ஆனால் வீடு ரயில் பெட்டி மாதிரி இருக்கும். இதிலும் பரப்பளவு அதே 1,800தான்.

ஆக, கம்ப்யூட்டர் கேட்டதைச் சரியாகச் செய்துவிட்டது. நாம் கேட்ட கேள்விதான் போதவில்லை. நாம் கேட்டது பரப்பளவு. வேண்டியிருந்தது நியாயம். இரண்டும் வேறு வேறு என்பது நம் ஊர்க்காரர்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

*

முதலில் ஒரு விஷயம். அளப்பதில் நம்மவர்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. முதலாம் ராஜராஜன் காலத்தில், 1001 வாக்கில், சோழ நாட்டை அளந்தார்கள். பதினாறு சாண் கோல் வைத்து அளப்பது வழக்கம். கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே கோடாக வெட்டி வைத்திருப்பார்கள், யாரும் ஏமாற்ற முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்குவரை கணக்கு எழுதியிருக்கிறார்கள். முந்திரி என்றால் 320ல் ஒன்று. அதைத் திரும்பவும் 320ஆகப் பிரித்தால் கீழ் முந்திரி. இப்படியே கீழே கீழே இறங்கிக்கொண்டே போவார்கள்.

பின்னால் வழக்கிலிருந்த வேலி சுமார் 6.6 ஏக்கர். அதை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தத் துண்டு அரை சதுர மில்லிமீட்டர். குண்டூசித் தலையைவிடச் சின்னது. அதை யாரும் கோலை வைத்து அளந்திருக்க முடியாது; கணக்கில் வகுத்துக்கொண்டே போனதால் வந்தது. இன்றைக்கும் அதேதான். ஜி.பி.எஸ். உள்ள செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி நடந்தால், சாஃப்ட்வேர் தசமப் புள்ளிக்குப் பிறகு பத்து இலக்கம் காட்டும். ஆனால் போன் சொல்லும் இடமே சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும். எண் நீளமாக இருப்பதாலேயே உண்மை அதிகமாகிவிடுவதில்லை. அந்தக் காலத்துக் கணக்கருக்கும் சரி, இந்தக் காலத்து மெஷினுக்கும் சரி.

இப்போது வடசென்னைக்கு வருவோம்.

1708ஆம் வருஷம். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நவாப் தாவூத் கான் ஐந்து கிராமங்களைக் கொடுக்கிறார். திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். கடைசியை விட்டுவிட்டால் மீதி நாலும் இன்றைக்கு நாம் வடசென்னை என்று சொல்கிற பிரதேசம். கத்திவாக்கம்தான் எண்ணூரை ஒட்டிய ஊர். 1763ல் ஆற்காடு நவாப் மூலமாகச் செங்கல்பட்டுச் சீமையே ஜாகீராக வந்து சேர்கிறது. கம்பெனி வியாபாரிக் கம்பெனி. கையில் வந்தது எவ்வளவு தேறும் என்று தெரிய வேண்டாமா? தாமஸ் பர்னார்டு என்கிற இன்ஜினீயரை அனுப்பினார்கள். 1767ல் ஆரம்பித்து 1774வரை, கிட்டத்தட்ட இரண்டாயிரம் கிராமங்களைக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எவ்வளவு ஏரி, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு காடு, யாருக்கு என்ன மானியம் என்று எல்லாம்.

கணக்கெடுத்த பிறகுதான் கம்பெனிக்காரர்களுக்குத் தலை சுற்றியது. ஒவ்வொரு வயலையும் காட்டி, ‘இது யாருடையது?’ என்று கேட்டால் பல ஊர்களில் கிடைத்த பதில், ‘இந்த வருஷமா, அடுத்த வருஷமா?’ என்கிற ரகம்.

*

தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் நிலத்துக்குப் பட்டா எண் கிடையாது. பங்கு உண்டு. ஊர் மொத்தமும் இத்தனை பங்கு என்று வைத்திருப்பார்கள். அந்தப் பங்கு வைத்திருப்பவர்தான் மிராசுதார். ஒருவரிடம் இரண்டு பங்கு இருக்கலாம், இன்னொருவரிடம் அரைக்கால் பங்கு இருக்கலாம். விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம். ஆனால் விற்றது இன்ன வயல் என்று இல்லை. ஊரில் இத்தனை பாகம் என்பதுதான். பி.காம். படித்தவனுக்கு இதைக் கேட்டதும் ஒன்று தோன்றும். இது ஜாயின்ட் ஸ்டாக் கம்பெனி அல்லவா! ஷேர் வைத்திருப்பவன் ஃபாக்டரியின் எந்தச் செங்கல் தன்னுடையது என்று கேட்பதில்லை. ஷேருக்கு நாம் வைத்த தமிழ்ப் பேரும் பங்குதான் என்பதைக் கவனியுங்கள்.

சரி, பங்கு இருக்கிறது. உழுவது எங்கே?

அங்கேதான் கரையீடு வருகிறது. பங்குகளைச் சில கூட்டங்களாகச் சேர்ப்பார்கள். ஒவ்வொரு கூட்டமும் ஒரு கரை. நிலத்தையும் கரைக் கணக்குக்கு ஏற்பப் பிரிப்பார்கள். எப்படி? ஒரே துண்டாக வெட்டிக் கொடுப்பதில்லை. ஏரி மதகுக்கு அருகே உள்ள நல்ல நிலத்தில் ஆளுக்குக் கொஞ்சம். நடுத்தர நிலத்தில் கொஞ்சம். கடைமடையில், தண்ணீர் எட்டிப்பார்த்தால் ஆச்சரியம் என்கிற இடத்தில் கொஞ்சம். எந்தக் கரைக்கு எந்தத் துண்டு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அதோடு விட்டார்களா? சில ஊர்களில் ஆண்டுதோறும், சில ஊர்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, மறுபடியும் மொத்தத்தையும் கலைத்துச் சீட்டுப் போடுவார்கள். இதற்குப் பசுங்கரை என்று பேர். ஒரே தடவை பிரித்து, இனி மாற்றமில்லை என்று முடித்துக்கொண்டால் அது அறுதிக்கரை.

என்ன மூளை பாருங்கள். நிலம் ஒரே மாதிரி இருக்காது. அளந்து சமமாக்க முடியாது. மண்ணுக்கு மார்க் போட்டுச் சமமாக்கலாம் என்றால் அதில் சண்டை வரும். எனவே அளவை ஓரளவுக்குச் சரிசெய்துவிட்டு, மிச்ச ஏற்றத்தாழ்வைக் காலத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த முறை உனக்குக் கடைமடையா? பொறு, அடுத்த முறை மதகடி வரலாம். பங்கு போடுகிறவனுக்குத் தனக்கு எது வரும் என்று தெரியாததால், திருட்டுக்கோடு போடவும் ஆசை வராது.

ரஷ்யக் கிராமங்களின் மீர், ஸ்காட்லாந்தின் ரன்ரிக், பாலஸ்தீனத்து முஷா எல்லாம் இதன் ஒன்றுவிட்ட சகோதரர்கள். யாரும் யாரைப் பார்த்தும் காப்பியடித்ததில்லை. ஏரும் மாடும் கோணல் நிலமும் இருந்த இடத்தில் எல்லாம் மனிதர்களுக்கு ஒரே யோசனை தோன்றியிருக்கிறது.

இதையெல்லாம் உட்கார்ந்து விசாரித்து எழுதியவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ். ஆம், திருவள்ளுவர் உருவத்தோடு தங்க நாணயம் அடித்தாரே, அதே எல்லிஸ். மிராசு உரிமை என்றால் என்ன என்று அரசாங்கம் கேட்ட பதினேழு கேள்விகளுக்கான பதில்கள் 1818ல் அச்சாயின. கலெக்டர் கச்சேரி சிரஸ்தார் சங்கரய்யாவின் பங்கும் அதில் உண்டு. கல்வெட்டு, செப்பேடு, பழைய விற்பனை ஓலை என்று ஆதாரங்களை அடுக்கினார் எல்லிஸ். மறு வருஷமே இறந்துபோனார்.

அரசாங்கம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. செய்தது வேறு. கம்பெனிக்கு வேண்டியது தத்துவம் அல்ல, வரி. இந்த வயலுக்கு இந்த ஆள், இவ்வளவு ரூபாய். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் யாரைப் பிடிப்பது? தாமஸ் மன்றோ கவர்னராக வந்த 1820களில் ரயத்துவாரி முறை வேரூன்றிவிட்டது. பசுங்கரை ஊர்கள் ஒவ்வொன்றாக அறுதிக்கரையாயின. 1858ல் சென்னை மாகாணத்துக்கென்று சர்வே இலாகா வந்தது. சங்கிலியோடு ஆட்கள் ஊர் ஊராக நடந்தார்கள். 66 அடிச் சங்கிலி, நூறு கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒன்று சென்ட்; 435.6 சதுர அடி. நிலத்தைப் புள்ளிக்கோடுகளால் முக்கோணமாக்கி, ஓரம் நெளிகிற இடத்தில் செங்குத்தாக அளந்து, ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம். அதுதான் உங்கள் பீரோவில் பட்டாவோடு இருக்கிற எஃப்.எம்.பி., புலப்படம். இன்றைக்கு அதையே தேசிய தகவல் மையத்தின் கொலாப்லேண்ட் சாஃப்ட்வேரில் ஏற்றி, உட்பிரிவு செய்து, ஆன்லைனில் தருகிறார்கள்.

கிரவுண்டு மட்டும் பழைய கணக்கின் மிச்சம். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. அதில் 24ல் ஒரு பாகம் 2,400. ஃபிளாட் விளம்பரத்தில் கிரவுண்டு என்று படிக்கும்போதெல்லாம் நீங்கள் காணியை 24ஆல் வகுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

*

இந்த இடத்தில், ‘அடடா, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான், இல்லாவிட்டால் நாம் சமத்துவமாக வாழ்ந்திருப்போம்’ என்று யாராவது பெருமூச்சு விட்டால், தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

பங்கு சமம்தான். யாருக்குள்ளே சமம்? பங்கு வைத்திருந்தவர்களுக்குள்ளே. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்கள் பறையர்கள். அவர்கள் பெயரில் ஒரு முந்திரி பங்கு கிடையாது. சீட்டுக் குடத்தில் அவர்கள் பெயரே போடப்படவில்லை. மிராசுதார் சம்மதம் இல்லாமல் தரிசு நிலத்தைக்கூட எடுத்து உழ முடியாது. குடியிருக்கும் குடிசை மண்ணே அவர்களுடையது இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891ல் இதை அறிக்கையாக எழுதினார். அதன் விளைவு, 1892ல் அரசாணை. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கினார்கள். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பஞ்சமி நிலம் என்பது அதுதான். வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்டார்கள். நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. 1994ல் செங்கல்பட்டில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு இளைஞர்கள் செத்துப்போனார்கள்.

எந்த சாஃப்ட்வேரும் இந்த இடத்தில் உதவாது. பரப்பளவை எத்தனையால் வகுக்க வேண்டும் என்று நாம்தான் டைப் செய்கிறோம். நாலு என்று அடித்தால் நாலாக வெட்டும். ஐந்தாவது ஆள் வாசலில் நிற்பது அதற்குத் தெரியாது. அக்காவை விட்டுவிட்டு இரண்டு என்று அடித்தாலும் அதே விசுவாசத்தோடு இரண்டாக வெட்டிக் கொடுக்கும்.

*

அறுதிக்கரையானால் சண்டை முடிந்தது, இனி நிலம் நிரந்தரம் என்று நினைத்தவர்களுக்கு வடசென்னை வேறு பாடம் வைத்திருந்தது.

1870களின் நடுவில் சென்னைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். நம் கடற்கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். குறுக்கே கல்லைப் போட்டு மறித்தால் என்னாகும்? தெற்கே மணல் குவிந்தது. மெரினா விரிந்தது. வடக்கே மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல், நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. நூறாண்டில் பல நூறு மீட்டர். வீடு, கோயில், வலை காய வைத்த மணல் எல்லாம் போய், குப்பங்கள் பின்வாங்கிப் பின்வாங்கி ரோட்டின் மேல் வந்து நின்றன. அதன் பிறகு கருங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீட்டித் தடுப்புகள் கட்டினார்கள்.

அதாவது, ஊரின் தெற்கு முனையில் இருந்தவனுக்குப் பீச் கிடைத்தது. வடக்கு முனையில் இருந்தவன் வீட்டைக் கொடுத்தான். புலப்படத்தில் இருக்கும் பரப்பு தரையில் இல்லை. சீட்டை மறுபடி குலுக்குவதற்கு வழியும் இல்லை. அறுதி அல்லவா?

அதே திருவொற்றியூரில் பங்கு என்ற சொல் வேறு அவதாரமும் எடுத்தது. 1946ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பிறகு டயர் கம்பெனியாகி, 2023 ஜூன் மாதம் அதன் ஒரே ஒரு ஷேர் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. பங்கை வெட்டிச் சிறிசாக்காமல் அப்படியே வைத்திருந்ததுதான் அந்த விலைக்கு ஒரு முக்கியக் காரணம். இரண்டு ஷேர் வைத்திருப்பவர்களுக்குள் எது தெருப்பக்கம், எது கால்வாய்ப்பக்கம் என்கிற சண்டை வராது. நிலத்தில் மட்டும்தான் அந்த வம்பு.

பசுங்கரை முழுக்க ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. நிலத்தில் ஒழிந்தது. தண்ணீரில் இருக்கிறது. எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. முகத்துவாரத்தை ஒட்டி இறால் அதிகம் படும் இடங்கள் சிலதான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்ட முடியாது. எனவே அங்கே பாடு என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. அங்கேயும் பாடு உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்கிற கோடு உண்டு. அதை வைத்துத் தகராறும் நடந்திருக்கிறது. ஆனால் கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களுக்குள், நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. கெட்ட இடமும் நிரந்தரமில்லை.

எனவே, உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை வந்தால் சாஃப்ட்வேரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் சர்வேயரைக் கூப்பிடுங்கள். 37.28 அடியை அவர் பிசகாமல் கல் நட்டுக் கொடுப்பார். அதற்கு முன்னால் மூன்று பேரும் ஒரு பாயில் உட்கார்ந்து இரண்டு கேள்வியை மட்டும் முடித்துவிடுங்கள். பங்குதாரர்கள் எத்தனை பேர்? மோசமான துண்டு வந்தவருக்கு மற்றவர்கள் என்ன ஈடு செய்வது? வழி விடுவதா, பணமாகத் தருவதா, அளவில் கூட்டிக் கொடுப்பதா? அது முடிவான பிறகு சீட்டுப் போடுங்கள். முதல் கேள்வியைத் தொண்டை மண்டலத்து மிராசுதார்கள் தவறவிட்டார்கள். இரண்டாவதைச் சர்வே இலாகா கேட்கவே இல்லை.